பல்செட்டுக் கதையை ஏற்றுக்கொண்ட பத்திரிகை

மார்ச் 4

அன்புள்ள ஸ்பேனருக்கு,

கையெழுத்தைப் பார்த்ததுமே கிழித்துப் போடாதே. போனில் என் எண்ணை அடைத்துவிட்டாய். மெயில் போட்டால் அப்படியே திரும்பி வருகிறது. அறிவியல் கதையும் மாயக்கதையும் எழுதுகிறவர்களுக்கு இணையத்தில் எது எங்கே கிடைக்கும் என்று ஊருக்கெல்லாம் வழி சொல்கிற ஆட்கள் நாம் இரண்டு பேர். கடைசியில் உன்னிடம் வந்து சேர எனக்குக் கிடைத்த வழி தபால்காரர்தான். சிரிப்பு வந்தால் சிரித்துக்கொள்.

அன்றைக்கு நீ போனில் கத்தியதில் பாதிதான் எனக்குப் புரிந்தது. "வேணும்னே பண்ணிட்டீங்க அண்ணி" என்பது மட்டும் நன்றாகக் கேட்டது. மிச்சத்தை உன் பின்னால் இரைந்துகொண்டிருந்த லிஃப்ட் மோட்டார் விழுங்கிவிட்டது. புரிந்த பாதிக்குப் பதில் எழுதுகிறேன்.

'மிதவெளி' என்கிற புது இதழை நம்பிக் கதை அனுப்பலாமா என்று நம் கோள்வாசல் தளத்துக்கு நிறையப் பேர் எழுதிக் கேட்டார்கள். வழக்கம்போல நம் தூண்டில் கதையை, அதுதான் பஞ்சரை, ஒரு பொய்ப் பெயரில் அனுப்பினேன். பஞ்சர் எவ்வளவு மட்டம் என்று உனக்குச் சொல்ல வேண்டுமா என்ன? என் பல் லேபிலிருந்து தப்பித்த ஒரு பல்செட்டு, நிலாவுக்குப் போகும் லிஃப்டில் ஏறி, அண்டத்தையே ஆளப் பார்க்கிறது. கதாநாயகன் பெயர் நடுவில் மாறிக்கொண்டே இருக்கிறது. வானத்தில் இரண்டு சூரியன், ஆனாலும் ஊர் இருட்டு. கடைசியில் எல்லாம் கனவு. அடுப்படியில் உட்கார்ந்து வயிறு வலிக்கச் சிரித்து எழுதினோமே. நல்ல இதழ்கள் எல்லாம் அதை ஒரே வரியில் திருப்பி அனுப்பின. "அற்புதம், உடனே ஒப்பந்தம் போடலாம்" என்று விழுந்தடித்துக்கொண்டு வந்தவர்கள் அத்தனை பேரும் ஏமாற்றுப் பேர்வழிகள். மிதவெளி பஞ்சரை ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டால் எச்சரிக்கைப் பக்கம் என்பது நம் விதி. போட்டேன்.

உன் நெடுங்கதையும் அங்கேதான் போயிருக்கிறது, அதையும் அவர்கள் எடுத்துக்கொண்டார்கள் என்பது எனக்குச் சத்தியமாகத் தெரியாது. நீ சொல்லவே இல்லையே.

அண்ணி

மார்ச் 9

அண்ணிக்கு,

'அன்புள்ள' போட மனசு வரவில்லை, மன்னிக்கவும்.

உங்களுக்குத் தெரியாதா? அண்ணனிடம் போனில் சொன்னேன். அடுத்த வாரமே மிதவெளி உங்கள் எச்சரிக்கைப் பக்கத்தில் சிவப்பு எழுத்தில் நிற்கிறது. அந்த வீட்டில் ஊசி விழுந்தால்கூட உங்கள் காதில் விழும். இது மட்டும் விழவில்லையா?

எனக்கு எப்படித் தெரிந்தது தெரியுமா? கதை ஏற்கப்பட்ட சந்தோஷத்தில், லிஃப்ட் வேலை நடக்கிற கட்டட சைட்டில் எல்லாருக்கும் மிட்டாய் கொடுத்துக்கொண்டிருந்தேன். எலெக்ட்ரீஷியன் அண்ணன் நம் பக்கத்தைப் பார்த்துத்தான் வேலை நேரத்தில் ஒலிக்கதை கேட்கப் பழகினவர். மிட்டாயை வாயில் போட்டுக்கொண்டே, "ஏம்மா, நீ சொன்ன பத்திரிகை உங்க சிவப்புப் பட்டியல்ல இருக்கேம்மா?" என்று கேட்டார். கொடுத்த கை அப்படியே நின்றது. மிட்டாய் வாங்கின ஒருவரும் என் முகத்தைப் பார்க்கவில்லை.

என் கதை உங்களுக்குத் தெரியும். ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு வருஷமாக இருக்கிற கட்டடம். அதில் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவள், கதவு திறக்காத ஒரே ஒரு மாடிக்குப் போக ஆயுள் முழுக்கப் பாடுபடுகிறாள். எத்தனை தடவை கிழித்து எழுதினேன் என்று பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான். இப்போது நீங்கள் சொல்வது என்ன? பஞ்சரை ஏற்ற கைதான் என் கதையையும் ஏற்றது. அப்படியென்றால் என் கதையும் பஞ்சர்தான். நேராகவே எழுதியிருக்கலாமே.

நீங்கள் எழுதுவதை விட்டுவிட்டீர்கள். அடுத்தவர் எழுத வழி சொல்கிறீர்கள். அந்த வழியில் நானே ஏறிப் போனது உங்களுக்குப் பொறுக்கவில்லை. பொறாமை என்றுதான் நினைக்கிறேன். நினைத்ததைச் சொல்லிவிட்டேன்.

ஒப்பந்தத்தில் மாதக் கடைசிக்குள் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அந்தச் சிவப்பு வரியை எடுங்கள். தளத்தின் கடவுச்சொல் என்னிடமும் இருக்கிறது. ஒருத்தர் போட்டதை மற்றவர் கேட்காமல் தொடக் கூடாது என்று பேசி வைத்திருக்கிறோம். அந்த ஒரே காரணத்துக்காக நான் கை வைக்கவில்லை.

அண்ணன் எண்ணையும் அடைத்துவிட்டேன். சமாதானத் தூதெல்லாம் வேண்டாம்.

மார்ச் 13

ஸ்பேனர்,

உன் கடிதத்தை உன் அண்ணனிடம் நீட்டினேன். திருதிருவென்று விழித்தார். "கதை ஏத்துக்கிட்டாங்கன்னு சொன்னா. உன்கிட்ட சொல்லணும்னு நெனச்சேன், மறந்துட்டேன். பத்திரிகை பேரை நான் எங்க கவனிச்சேன்?" என்றார். கூடப் பிறந்தவரைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டாம். சமையல் வாயு தீர்ந்ததையே அடுத்த சிலிண்டர் வந்த பிறகுதான் சொல்வார்.

பொறாமை என்ற சொல்லை லேபில் வைத்துத்தான் படித்தேன். கையிலிருந்த மெழுகு அச்சு கீழே விழுந்து நசுங்கியது. யாருடைய மேல்வரிசையோ, பாவம், மறுபடி முதலிலிருந்து. பொறாமை கொஞ்சம் உண்டுதான். இல்லை என்றால் நீ நம்பப் போவதில்லை. அதற்காக உன் கதையின் கழுத்தில் கை வைப்பேனா? இப்படி எழுத உனக்கு எப்படியடி மனசு வந்தது?

கோள்வாசலில் என்னென்னவோ இருக்கிறது. எந்த இதழ் இப்போது கதை வாங்குகிறது என்கிற அட்டவணை, ஒரு கோளுக்கு இரண்டு நிலா வைத்தால் கடல் எவ்வளவு பொங்கும் என்று கணக்குப் போடும் கருவி, இல்லாத ஊருக்கு வரைபடம் போடும் இடம், பழைய அறிவியல் கதை இதழ்களை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் நூலகம், பெயர் போடாமல் கதையை வைத்து அடுத்தவர் கருத்துக் கேட்கும் வட்டம். வருகிறவர்கள் எடுத்துக்கொண்டு போய்விடுகிறார்கள். நின்று நன்றி சொல்வது எச்சரிக்கைப் பக்கத்துக்கு மட்டும்தான். அதை எதற்குத் தொடங்கினோம்? அந்த நர்ஸ் அக்காவை மறந்துவிட்டாயா? ஏமாற்றுப் பதிப்பகக்காரர்கள் அவள் நாவலின் உரிமையை மொத்தமாக எழுதி வாங்கிக்கொண்டார்கள். அச்சிடவும் இல்லை, திருப்பித் தரவும் இல்லை. அவள் படைத்த உலகத்தைப் பற்றி அவளே இனி எழுதக் கூடாது என்று வக்கீல் நோட்டீஸ் விட்டார்கள். நம் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அவள் அழுததை நீயும்தான் பார்த்தாய்.

ஊருக்கு ஒரு விதி, என் நாத்தனாருக்கு ஒரு விதி என்று வைக்க முடியாது. மிதவெளியிலிருந்து மெயில் மேல் மெயிலாக வருகிறது. நான் திறக்கவில்லை. நம் பட்டியலில் மாட்டினவர்கள் எல்லாரும் முதலில் கெஞ்சுவார்கள், பிறகு மிரட்டுவார்கள். அதனால்தானே திறப்பதில்லை என்று வைத்தோம்.

காலில் விழுந்து கேட்கிறேன், கையெழுத்துப் போடாதே. என்னோடு ஆயுசுக்கும் பேசாவிட்டாலும் பரவாயில்லை.

அண்ணி

மார்ச் 18

அண்ணிக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்த பிறகு மிதவெளி எனக்கு எழுதிய பதிலை மறுபடி எடுத்துப் பார்த்தேன். "உங்கள் கதை எங்களைத் தொட்டது. இதை வெளியிட விரும்புகிறோம்." அவ்வளவுதான். வந்த அன்றைக்கு அது போதும் போதும் என்றிருந்தது. இப்போது பார்த்தால் யாருக்கு வேண்டுமானாலும் எழுதக்கூடிய இரண்டு வரி. பல்செட்டுக்கும் இதையேதான் எழுதியிருப்பார்கள்.

சந்தேகத்தை என் மண்டைக்குள் போட்டுவிட்டீர்கள், அது வெளியே போக மாட்டேன் என்கிறது. நேற்று லிஃப்ட் கூண்டின் மேலே ஏறி நின்று கயிறு பார்த்தேன். ஏறியதும் நிறுத்து பொத்தானைப் போட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை அது. போட மறந்துவிட்டேன். கீழே யாரோ கூப்பிட்டார்கள், கூண்டு என்னையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு கிளம்பியது. போர்மேன் கத்திய கத்தலில் கட்டடமே நின்றது. "எங்கம்மா இருக்கு உன் மூளை? மேல உத்தரத்துக்கும் உன் தலைக்கும் எவ்வளவு இடம் இருந்துச்சு, பாத்தியா?" பார்த்தேன்.

நான் சண்டைக்காக இதை எழுதவில்லை. எனக்கு உண்மை தெரிய வேண்டும், அவ்வளவுதான். என் கதை நன்றாக இல்லை என்றால் சொல்லுங்கள், தாங்கிக்கொள்வேன். படிக்காமலே பாராட்டினார்கள் என்பதைத்தான் தாங்க முடியாது.

மிதவெளி இருப்பது உங்கள் ஊரில்தான். பழைய தபால் நிலையத்துக்குப் பின்தெரு என்று ஒப்பந்தத்தில் போட்டிருக்கிறது. நேரில் போய்ப் பாருங்கள். நீங்கள் யாரென்று சொல்லாதீர்கள். வரும் வெள்ளிக்கிழமை கழித்து அடுத்த வெள்ளி வரை காத்திருப்பேன். அதற்குள் உங்கள் பதில் வராவிட்டால், நீங்கள் சொன்னதுதான் சரி என்று எடுத்துக்கொண்டு கதையை வாபஸ் வாங்கிவிடுவேன்.

ஸ்பேனர்

மார்ச் 24

என் தங்கமே,

முதலில் விஷயம்: கையெழுத்துப் போடு. உடனே போடு. இப்போது நடந்ததைச் சொல்கிறேன்.

லேபில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போனேன். அந்த முகவரியில் மிதவெளி என்று பலகையே இல்லை. 'காது மிஷின் விற்பனை, பழுது பார்ப்பு' என்றுதான் இருந்தது. பார்த்தாயா, போலி முகவரி, நான் சொன்னேனே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு உள்ளே நுழைந்தேன்.

கண்ணாடி மேஜை ஒன்று, அதன் மேல் பூதக்கண்ணாடி, சின்னச் சின்னத் திருகாணிகள். நாற்காலியில் ஒரு பெரியவர், காதில் புது மிஷின். கடைக்கார அம்மாள் கையில் ஒரு தாளோடு அவரிடமிருந்து ஒவ்வொரு எட்டாகப் பின்னால் நகர்ந்துகொண்டே படித்துக்கொண்டிருந்தாள். "பல்செட்டு லிஃப்ட்காரரை முறைத்தது. 'நிலா வரைக்கும் போ, சில்லறை கேட்காதே' என்றது." பெரியவர் தோள் குலுங்கச் சிரித்தார். "அப்பாடா, இப்ப நல்லாக் கேக்குது உங்களுக்கு" என்று அம்மாள் தாளை மடித்தாள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நம் பஞ்சர்!

"என்னங்க படிச்சீங்க?" என்று ஒன்றும் தெரியாதவள் மாதிரி கேட்டேன்.

"நான் ஒரு இதழ் நடத்துறேன், அதுக்கு வந்த கதை. பேப்பர்ல செய்தி படிச்சுக் காட்டினா, கேக்குதோ இல்லையோ எல்லாரும் தலையை ஆட்டிடுவாங்க. இதைப் படிச்சா சிரிக்கணும். சிரிக்கலைன்னா சத்தத்தை இன்னும் கூட்டணும்னு அர்த்தம்."

"ரொம்ப மட்டமான கதை மாதிரி இருக்கே" என்றேன், வாய் சும்மா இருக்காமல்.

"மட்டம்தான். வேணும்னே மட்டமா எழுதியிருக்காங்க. அது லேசுப்பட்ட வேலையா? ரெண்டு பேர் சேர்ந்து எழுதினதுங்க இது. நடு வழியில லிஃப்ட் நின்னு போகுது பாருங்க, அங்க கை மாறுது. அது வரைக்கும் எழுதினவங்களுக்கு நக்கல் நல்லா வருது. அப்புறம் எழுதினவங்களுக்கு உள்ளே மாட்டிக்கிட்டவங்க எப்படி மூச்சு விடுவாங்கன்னு தெரிஞ்சிருக்கு. சிரிச்சுக்கிட்டே வந்தவ, அந்த இடத்துல சிரிப்பை நிறுத்திட்டேன்."

அது நீ எழுதின பாதி. அவள் நிறுத்தவில்லை.

"அந்தக் கையை எனக்குத் தெரியும். ஒவ்வொரு மாடியும் ஒவ்வொரு வருஷம்னு ஒரு பொண்ணு கதை அனுப்பியிருக்கு. அதே கைதான். ரெண்டுலயும் கதவு திறக்குறதுக்கு முன்னாடி ஒரு சின்னக் குலுக்கல் வரும். பொண்ணு லிஃப்ட்ல வேலை பாக்குதுன்னு நினைக்கிறேன். அதைப் படிச்சிட்டு ரெண்டு நாள் எனக்கு வேலையே ஓடலை."

படித்திருக்கிறாள், ஸ்பேனர். உன்னை வரி வரியாகப் படித்திருக்கிறாள். புதிதாக எழுதுகிற ஒருத்திக்காகக் கேட்கிறேன் என்று சொல்லி ஒப்பந்த மாதிரியையும் வாங்கிப் பார்த்தேன். ஒரு தடவை அச்சிட மட்டும்தான் உரிமை. மற்ற எல்லாம் எழுதினவருக்கே.

இதழ் எப்போது வரும் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. "வருமான்னே தெரியலைங்க. கோள்வாசல்னு ஒரு பக்கம் இருக்கு. நல்ல பக்கம், நானே அதைப் பாத்துத்தான் எல்லாம் கத்துக்கிட்டேன். அவங்க திடீர்னு எங்களைத் திருட்டுப் பட்டியல்ல போட்டுட்டாங்க. பேருக்கு ஏத்த மாதிரி கோள் மூட்டிட்டாங்க. என்ன தப்புன்னு சொல்லுங்க, திருத்திக்கிறேன்னு மாத்தி மாத்தி எழுதினேன். ஒரு வரி பதில் இல்லை. கதை குடுத்தவங்க ஒவ்வொருத்தரா வாபஸ் வாங்கிட்டாங்க. இப்ப கையில இருக்கிறது ரெண்டே கதை. அந்த மாடிக் கதை, அப்புறம் இந்தப் பல்செட்டு."

நான்தான் அது என்று சொல்ல வாய் திறந்தேன். "பாட்டரி இருக்குங்களா?" என்று வந்தது. வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன். பாட்டரியை உன் அண்ணனிடம் கொடுத்தேன். அவருக்குத்தானே யார் சொன்னதும் காதில் விழுவதில்லை.

நாளைக்குப் போய்ச் சொல்லிவிடுவேன். நீ கையெழுத்துப் போடு.

அண்ணி

மார்ச் 27

அன்புள்ள அண்ணிக்கு,

இன்று வெள்ளி. தபால் வந்துபோய்விட்டது, எனக்கு ஒன்றும் இல்லை. போயிருப்பீர்கள், பார்த்திருப்பீர்கள், பார்த்ததை எனக்கு எழுத உங்களுக்கு மனசு வரவில்லை. அப்படித்தான் புரிந்துகொள்கிறேன். என்னைத் திட்டுவதற்குக் கூட நான்கு பக்கம் எழுதுகிறவர் நீங்கள். இப்போது பேசாமல் இருக்கிறீர்கள் என்றால் காரணம் வேறு என்னவாக இருக்கும்?

மத்தியானம் மிதவெளிக்கு மெயில் போட்டுவிட்டேன். "என் கதையைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்." காரணம் எழுதவில்லை. அனுப்பிவிட்டு லிஃப்ட் மோட்டார் அறையில் போய்க் கொஞ்ச நேரம் அழுதேன். அங்கே இரைச்சலில் யாருக்கும் கேட்காது.

உங்களைப் பொறாமை என்று சொன்னேன். அந்தச் சொல்லுக்கு என் நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம். நீங்கள் தடுக்காவிட்டால் நானும் அந்த நர்ஸ் அக்கா மாதிரி உங்கள் கூடத்தில் உட்கார்ந்திருப்பேன்.

இனி எழுதுவேனா என்று தெரியவில்லை. கேட்காதீர்கள்.

ஸ்பேனர்

மார்ச் 30 (கூரியரில்)

ஸ்பேனர்,

உன் கடிதம் காலையில் வந்தது. என் கடிதம் எந்த மூட்டைக்குள் தூங்குகிறதோ, எந்தக் கடங்காரன் அதை வேறு ஊருக்கு அனுப்பினானோ. படித்ததும் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. நாளைக்குச் சொல்கிறேன் என்று உனக்கு எழுதியவள் ஒவ்வொரு நாளையும் நாளைக்கு என்றே தள்ளிக்கொண்டிருந்தேன். இன்று போட்ட செருப்போடு ஓடினேன்.

என் பழைய கடிதம் இன்னும் வந்து சேராவிட்டால் இதைத் தெரிந்துகொள்: மிதவெளி நல்ல இதழ். அதை நடத்துகிற அம்மாள் உன் கதையைப் படித்தாள். பஞ்சரில் நீ எழுதிய பாதியை வைத்தே உன் கையை அடையாளம் கண்டாள். தப்பு முழுக்க என்னுடையது.

எல்லாவற்றையும் சொன்னேன். பொய்ப் பெயர், தூண்டில், திறக்காத மெயில்கள், எல்லாம். அவள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். திட்டுவாள் என்று பார்த்தேன்.

"பாட்டரி வாங்கிட்டுப் போனது நீங்கதானா?" என்றாள். அதற்குத் திட்டே மேல்.

உன் மெயில் அவளுக்கு வந்துவிட்டது. இப்போது மிதவெளியில் மிச்சம் இருப்பது என்ன தெரியுமா? நம் பஞ்சர் மட்டும்தான். பொய்ப் பெயரில் வந்த கதையை வாபஸ் வாங்க ஆளே இல்லையே. "அதை மட்டும் போட்டாவது ஒரு இதழ் கொண்டாருவேன். கடைசி இதழா இருந்தாலும் பரவாயில்லை" என்கிறாள். மன்னிப்புக் கேட்டேன். "எனக்கு எதுக்குங்க மன்னிப்பு? எழுதின இடத்துல எழுதுங்க" என்றாள். வந்ததும் எழுதினேன். எச்சரிக்கைப் பக்கத்தில் மிதவெளி இருந்த அதே வரியில் இப்போது இது இருக்கிறது:

'கோள்வாசல். இந்தப் பக்கம் ஒரு நல்ல இதழைத் திருட்டு இதழ் என்று எழுதியது. அந்த இதழ் கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லவில்லை. இங்கே சொல்லப்படும் எதையும் நீங்களே ஒரு முறை விசாரித்துவிட்டு நம்புங்கள்.' கீழே என் பெயர்.

உன் கதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளச் சொல்லிக் கெஞ்சினேன். அசையவே இல்லை. "நீங்க கேட்டா எடுத்துக்க மாட்டேன். எழுதினவ கேக்கணும்" என்றாள். கடையின் எண்ணை இந்தத் தாளின் பின்னால் எழுதியிருக்கிறேன். என் எண்ணைத் திறக்காவிட்டால் போகிறது. அந்த எண்ணுக்குப் பேசு.

அண்ணி

ஏப்ரல் 3

அன்புள்ள அண்ணி,

உங்கள் இரண்டு கடிதமும் ஒரே நாளில் வந்தன, பழையது பின்னால். கூரியரை நின்ற இடத்திலேயே படித்தேன். போர்மேன், "யாருக்காவது ஏதாவது ஆயிடுச்சாம்மா?" என்று பயந்துபோய்க் கேட்டார். எனக்குத்தான் என்றேன்.

கடைக்குப் பேசினேன். நான் யார் என்று சொன்னதும் அந்த அம்மாள் வணக்கம்கூடச் சொல்லவில்லை. "கடைசிப் பக்கம் வேணாம்மா. அவ கதவைத் திறந்ததும் கதை முடிஞ்சிருச்சு. அப்புறம் எதுக்கு உள்ளே என்ன இருந்துச்சுன்னு விளக்கம்?" என்று ஆரம்பித்துவிட்டார். எனக்கு வந்த கோபம்! அந்தப் பக்கத்துக்காக நான் எத்தனை பாடு பட்டிருக்கிறேன். முடியவே முடியாது என்றேன். "அப்ப உன் கதை எனக்கு வேணாம்" என்றார். "வேணாம்னா போங்க" என்றேன். மதியச் சாப்பாட்டு நேரம் முழுக்க வரி வரியாகச் சண்டை போட்டோம். எந்த மாடியில் எந்த வருஷம் என்று என்னைவிட அவருக்கு நன்றாக நினைவிருக்கிறது. போனை வைத்த பிறகுதான் உறைத்தது: கதையைப் படிக்காதவர்களுக்கு அதில் எதை வெட்டு என்று சொல்லத் தெரியாது. அங்கேயே படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன், இந்தத் தடவை யார் பார்த்தாலும் பரவாயில்லை என்று.

கடைசிப் பக்கத்தில் பாதியை விட்டுக்கொடுத்துவிட்டேன். இதழில் இரண்டு கதை வருகிறது. பல்செட்டுக் கதைக்கு நம் இரண்டு பேர் பெயரும் போடச் சொல்லிவிட்டேன். உங்களைக் கேட்கவில்லை. நக்கல் நல்லா வருகிறது என்று சொன்னாராமே, இனி எழுதாமல் இருந்து பாருங்கள், நடப்பதே வேறு.

எலெக்ட்ரீஷியன் அண்ணனிடம் நம் பக்கத்தை எடுத்துக் காட்டச் சொன்னேன். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு, "யாரும்மா இது, தன்னைத்தானே திருட்டுப் பட்டியல்ல போட்டுக்கிட்டது?" என்று கேட்டார். எங்க அண்ணி என்றேன்.

பிறகு கடவுச்சொல்லைப் போட்டு உள்ளே போனேன். ஒருத்தர் போட்டதை மற்றவர் கேட்காமல் தொடக் கூடாது என்பது நம் விதி. மீறிவிட்டேன். மட்டமான கதை ஒன்றை எழுதி அதை வைத்து இதழ்களைப் பிடிக்கலாம் என்று அன்றைக்கு அடுப்படியில் முதலில் சொன்னது யார்? நான்தானே. அந்த வரிக்குக் கீழே உங்கள் பெயர் தனியாக நின்றது. பக்கத்தில் என் பெயரையும் போட்டுவிட்டேன்.

உங்கள் எண்ணைத் திறந்துவிட்டேன். அழுதுகொண்டே பேசாதீர்கள், இங்கே மோட்டார் இரைச்சலில் ஒன்றும் கேட்காது.

ஸ்பேனர்